படத்தில் ஓடிய வெள்ளைக் கோடுகள்

யோகலட்சுமி வீட்டு டிவியில் எல்லாரும் இரண்டு இரண்டு பேராகத் தெரிந்தார்கள். செய்தி வாசிக்கிற பெண்ணின் தோளை ஒட்டி அவளே இன்னொரு தடவை மங்கலாக உட்கார்ந்திருந்தாள். செட்டாப் பாக்ஸ் அந்தப் பக்கம் இன்னும் வராத வருடம் அது. ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி நாலு ஊருக்குக் கேபிள் நடத்திவந்த சாபிர் கம்பத்தில் ஏறிப் பார்த்தான். காலி செய்துபோன ஒரு வீட்டுக்கு இழுத்த ஒயர், முனை மூடாமல் காற்றில் தொங்கியது. போகிற சிக்னல் அங்கே முட்டித் திரும்பி வந்து படத்தின்மேல் நிழலாக விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒயரைக் கழற்றி, அது மாட்டியிருந்த வாயை அடைத்துவிட்டு இறங்கினான். நிழல் போய்விட்டது.

"இன்னொண்ணும் இருக்கு தம்பி," என்றாள் யோகலட்சுமி. "பகல்ல வெள்ளை வெள்ளையா கோடு ஓடுது, கர்ருனு சத்தத்தோட. பத்து மணிக்கு ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குத்தான் நிக்குது."

மறுநாள் பத்தரைக்கு வந்து அவனே பார்த்தான். புள்ளிபுள்ளியாக வெள்ளைக் கோடுகள் படத்தின் குறுக்கே ஓடின. ஒயரை மாற்றினான், ஜாயிண்டை மாற்றினான். கோடு அசையவில்லை. கோளாறு கேபிளில் இல்லை, பக்கத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் பொறி தட்டுகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது.

பொறி தட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ரேடியோ கரகரக்கும். ஒரு பழைய ரேடியோவில் எந்த ஸ்டேஷனும் எடுக்காத இடத்தில் முள்ளை வைத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தான். கரகரப்பு தெருமுனையில் கூடியது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த கருப்பணன் வீட்டுப் பின்பக்கம் போனபோது காதில் வைக்க முடியாதபடி இரைந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டியதும் மிக்ஸி நின்றது. கருப்பணனின் மனைவி வெள்ளைத்தாய் ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள். புறங்கையெல்லாம் அரைத்த வெள்ளிநிறப் பொடி. அவளுக்குப் பின்னால் தரையில் தட்டுத் தட்டாகப் பட்டாசு மருந்து காய்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் அவள் மகள் ஓவியா, காகிதக் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாபிர் எடுத்த காலைப் பின்னால் வைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாரணாபுரம் பக்கம் இப்படி மருந்து வைத்திருந்த வீடு ஒன்று வெடித்துச் சிதறியபோது, அறுந்த கேபிளைச் சுருட்டப் போனவன் அவன். அங்கே பார்த்ததைத் தன் மனைவி மஹ்ரீனிடம்கூடச் சொன்னதில்லை.

"கம்பெனிக்கு சீல் வச்சு ரெண்டு மாசமாச்சு தம்பி," என்றாள் வெள்ளைத்தாய் தாழ்ந்த குரலில். "சீசனுக்கு லோடு போகணும்னு காண்ட்ராக்டர் கொண்டாந்து குடுத்தாரு. யார்ட்டயும் சொல்லிராதீக."

"அக்கா, அந்த மிக்ஸிய மட்டும் வெளிய கொண்டாங்க."

கிணற்றடி மோட்டார் ரூம் வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, ஜாரில்லாமல் அங்கே மாட்டி, கதவைச் சாத்தி இருட்டாக்கி ஓட்டினான். அடிப்பக்க ஓட்டைகளைக் காட்டினான். உள்ளே நீலமும் வெள்ளையுமாகப் பொறி விடாமல் சிதறியது.

"இதத்தான் யோகலட்சுமியக்கா டிவில கோடுன்னு சொல்லுதாக. மோட்டார்ல தேஞ்ச கார்பன் கட்டை தட்டுற பொறி. இத மருந்துக்கு நடுவுல வச்சு ஓட்டிட்டு இருந்திருக்கீக."

வெள்ளைத்தாய் குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். "நான் மேல இருந்துதான் பாத்திருக்கேன்," என்றாள். "இன்னைக்கே எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகச் சொல்லிருதேன்."

சாபிர் நம்பினான். நம்பத்தான் அவனுக்கும் ஆசை. போலீசுக்குச் சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். யோகலட்சுமியிடம், ஜாயிண்ட் கோளாறு, சரியாகிவிட்டது என்று பொய் சொன்னான்.

மூன்று நாள் படம் சுத்தமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் யோகலட்சுமி போன் செய்தாள். "திரும்பவும் கோடு ஓடுது தம்பி."

சாபிர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். கருப்பணன் வீட்டுக்குள் போகவில்லை. வாசல் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். உள்ளே இரைச்சல் அடங்கியது. கருப்பணன் வெளியே வந்தார்.

"ஏலே, எங்க வயித்துல அடிக்கவா வந்த?"

"அண்ணாச்சி, மொதல்ல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

"இருவது வருசமா மருந்துல கெடக்கேன். நீ எனக்குச் சொல்லித் தாரியாக்கும்? கட்டையைக் குடுலே."

சாபிர் கொடுக்கவில்லை. கருப்பணன் அறைந்த அறையில் காது அடைத்துப்போனது. உள்ளேயிருந்து வெள்ளைத்தாய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அவர்கள் வந்த பிறகு சாபிர் அங்கேயே நின்றுகொண்டு போலீசுக்குப் போன் செய்தான். பேரைக் கேட்டார்கள். தன் பேரைச் சொன்னான்.

மருந்தை ஈர மண்ணோடு அள்ளிக்கொண்டு போனார்கள். கருப்பணனைக் கூட்டிப்போய் இருபது நாள் உள்ளே வைத்தார்கள். காண்ட்ராக்டர் பேர் எந்தத் தாளிலும் வரவில்லை. தெருவில் பாதி வீடுகள் கேபிளை அறுத்துவிட்டு டிஷ் மாட்டிக்கொண்டன. காட்டிக்கொடுத்தவன் என்று அவன் காதுபடவே பேசினார்கள். தங்கள் வீட்டிலும் அதே வேலை நடந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். முதல் நாளே சொல்லாமல் போன அந்த நாலு நாள்தான் சாபிரை அரித்தது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலை, பஸ் ஸ்டாப்பில், சீல் எடுத்துத் திறந்திருந்த கம்பெனியின் வேனுக்காக வெள்ளைத்தாய் நின்றிருந்தாள். வண்டியில் வந்த சாபிரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அவுக வெளிய வந்து நாளாச்சு. நீ எங்க வீட்டுப் பக்கம் வந்துராத தம்பி. அவுகளுக்கு இன்னும் கோவம் ஆறல."

"சரிக்கா."

வேன் வந்து நின்றது. சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள்.

"எனக்கு அன்னைக்கே ஆறிட்டு," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.