மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

சுத்தியலுக்குக் கைப்பிடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு டாக்டர் இருந்தார். நல்ல மனுஷர். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே, அது அவரைவிடப் பெரிய ஆள். தொழிற்சாலையைச் சுற்றித் தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வைத்தியம் என்று அவர் அறை வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். கோட்டுக்குள் ஒரு நகம் பெயர்ந்தால் மருந்து, கட்டு, விடுப்பு எல்லாம் உண்டு. கோட்டுக்கு வெளியே கழுத்தே போனாலும் அது கழுத்தின் சொந்த விவகாரம்.

அந்தக் கோட்டைப் போடுகிறவர்தான் நம் ஆள். எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர். மழையும் லாரிச் சக்கரமும் அழிக்க அழிக்க, அவரும் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு தொழிற்சாலையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

அவர் மனைவியும் அதே தொழிற்சாலைக்குத்தான் உழைத்தாள், வீட்டில் உட்கார்ந்து. சாக்கு சாக்காகக் கைப்பிடிகள் வந்து இறங்கும். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுப்பிலும் பாயிலும் தலையணையிலும் மரத்தூள். கொஞ்ச காலமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. சண்டையில் ஒரு நாளும் தோற்காதவள், இப்போது பாதி வசவில் நிறுத்திவிட்டு மூச்சுக்காகக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் கோட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறையாக ஜெயித்த மனுஷன், கொல்லைப்பக்கம் போய் விசும்பி விசும்பி அழுதார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அவளுக்கோ வாசற்படி ஏறினாலே நெஞ்சு அடைத்தது.

மறுநாள் கோட்டுக்காரர் டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"வீட்டுக்காரிக்கு மூச்சு இழுக்குது டாக்டர். எல்லாம் நம்ம கைப்பிடியைத் தேய்ச்சுத்தான்."

"அடப்பாவமே. எங்க இருக்காங்க?"

"வீட்டுல."

"வீடு கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"வெளிய."

டாக்டருக்கு முகம் தொங்கிவிட்டது. "வீட்டுல வேலை பார்க்கிறவங்களை கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. நானும் கோட்டைத் தாண்டக் கூடாது. அவங்க வீடு மட்டும் உள்ள இருந்தா ஓடி வந்துடுவேன்."

"கோடு எதுவரைக்கும் போகணும்னு ஏதாச்சும் இருக்கா?"

"கோடு போடுறவர் நீங்க. என்னைக் கேட்டா?"

அவ்வளவுதான். கோட்டுக்காரர் டப்பாவைத் தூக்கினார். கேட்டைத் தாண்டி, சாலையோரமாக, தையல் கடை முனையில் திரும்பி, தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாகத் தொழிற்சாலைக்கே கோட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். "எதுவரைக்கும்ணே?" என்று காவலாளி கேட்டதற்கு, "போட்டு முடிச்சாத்தான் தெரியும்" என்றார்.

டாக்டர் சொன்னபடியே வந்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவே, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓரம் மிதிபடாமல் நடந்து வந்தார். அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"தூள் நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கும்மா. தேய்க்கிறதை இன்னிக்கே நிறுத்தணும். இந்த மருந்தை வாயில வச்சு உறிஞ்சுங்க. போன வருஷமே பார்த்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"போன வருஷம்" என்றவள், நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "கோடு இல்லையே டாக்டர்" என்றாள்.

தூள் அடங்கியது. மருந்து வேலை செய்தது. ஒரு நாள் காலையில் அவள் முழுசாக ஒரு வாக்கியத்தை, நடுவில் நிற்காமல், சொல்லி முடித்தாள். வாசற்படியில் மஞ்சள் பெயின்ட் கொட்டிய மனுஷனைப் பற்றிய வாக்கியம் அது. கோட்டுக்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது.

தெரு சும்மா இருக்குமா? தையல்காரருக்குக் கண் எரிச்சல், சலவைக்காரிக்கு இடுப்பு, வெல்டருக்குக் காது. "எங்க வீட்டையும் கொஞ்சம் வளைச்சுடுங்கண்ணே" என்று வரிசை கட்டினார்கள். கோடு வளைந்தது. கோட்டுக்குள் வந்தவர்கள் விதிப்படி தலையில் ஹெல்மெட் போட வேண்டும், போட்டார்கள். சங்கு ஊதினால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் சங்கு ஊதியதும் நின்று, மறு சங்குக்கு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேனேஜர் இதையெல்லாம் கண்டு கொதித்துப்போய்க் கோட்டோடு கோடாக நடந்து பார்த்தார். அது அவர் வீட்டையும் வளைத்திருந்தது. டாக்டர் அவருடைய மாமியாரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒரு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

கடைசியாக மிச்சம் இருந்தது குப்பை பிரிப்பவர்களின் தெரு. கோட்டுக்காரர் அதையும் வளைக்கக் கிளம்பினார். காலையிலிருந்து குனிந்தபடி, தின்னர் வாடையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு வேலை செய்தார். ஊரையே பரிசோதித்த டாக்டர் அவரை மட்டும் தொட்டதில்லை. கோடு போடுகிறவர் பொழுதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றுதான் போட வேண்டும். உள்ளே நின்றால் ஈரத்தை மிதித்துவிடுவார்.

தெருக்கோடியிலிருந்து அவர் மனைவி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கும் உட்காராமல், சுவரைப் பிடிக்காமல், தெரு முழுவதும் நடந்து வந்தாள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் கோட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். தலை சுற்றியது. அப்படியே மல்லாந்து, நடைபாதைக் கல்லில் மண்டை இடிக்க விழுந்தார்.

டாக்டர் ஓடி வந்தார். கோடு வந்ததும் சுவரில் முட்டியவர்போல் நின்றுவிட்டார்.

"யாரும் தூக்காதீங்க. கழுத்துல அடி பட்டிருக்கலாம். நான் பார்க்காம அசைக்கவே கூடாது."

"அப்ப வந்து பாருங்க" என்றாள் அவள்.

"அவர் வெளிய கிடக்காரேம்மா."

அவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டாள். பிரஷ்ஷை எடுத்து டப்பாவில் முக்கி, போட்டிருந்த கோட்டிலிருந்து ஆரம்பித்து, புருஷனின் கால், கை, தலை எல்லாவற்றையும் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து திரும்பச் சேர்த்தாள். கோணல்மாணலான கோடு. டாக்டர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"ஈரமா இருக்கும்மா. காயாத கோடு செல்லாது."

"நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்றாள் அவள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, கோட்டின்மேல் வாயை வைத்து ஊதத் தொடங்கினாள். ஊதினாள், இருமினாள், மறுபடி ஊதினாள். உதடு கறுத்துக்கொண்டு வந்தது. தையல்காரர் வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டு ஊதினார். சலவைக்காரி, வெல்டர், குப்பைத் தெருப் பிள்ளைகள், மேனேஜர் என்று ஹெல்மெட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள எல்லோரும் ஊதினார்கள். கோட்டுக்கு உள்பக்கம் டாக்டர் குப்புறப் படுத்து, கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரருக்கு லேசாக நினைவு திரும்பியது. கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி அவளைத் தேடிப் பிடித்தார்.

"நீ ஊதாத" என்றார். "உனக்கு மூச்சு வாங்கும்."

"வாயை மூடிக்கிட்டுக் கிடங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த மூச்சை இழுத்தாள்.