அடுப்பில் நடந்த கூட்டம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மரக்கன்று மிஸ். நகரத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் சொல்லிக்கொடுக்க ஓர் அறக்கட்டளை வாரத்துக்கு இரண்டு மதியம் ஓர் ஆளை அனுப்பியது. அந்த ஆள் அவள். அறக்கட்டளைக்கு வேண்டியதெல்லாம் பிள்ளைகள் மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் புகைப்படம். அது முதல் நாளே கிடைத்துவிட்டது. கன்றுகள் வாசலோரம் காய ஆரம்பித்தன. மீதி வருடத்தை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

வேலை வாங்கிக் கொடுத்தவர் தலைமை ஆசிரியர். அவளுடைய அப்பாவின் தம்பி. வீட்டில் சித்தப்பா, பள்ளியில் சார். மேல்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் பார்த்து வைத்த வழி இது. அவள் தலையில் கட்டியது கடைசி வருட 'டி' பிரிவை.

"அதுங்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஒண்ணுதான். சத்தம் வெளியே வராம பாத்துக்கோ, போதும்," என்றார்.

'டி' பிரிவுக்கு மொட்டை மாடியில் பிற்பாடு எழுப்பிய அறை. மேலே தகரக் கூரை, ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரே ஒரு மின்விசிறி. அங்கே படிக்கிறவர்கள் அந்த அறையை அடுப்பு என்றார்கள். மற்ற பிரிவுக்காரர்கள் அங்கே படிக்கிறவர்களைத் தூங்குமூஞ்சிகள் என்றார்கள். இரண்டுமே உண்மைதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கும் உடனே தோன்றவில்லை. முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பாதித் தலைகள் மேசையில் கிடந்தன. கோபத்தில் டஸ்டரால் மேசையைத் தட்டினாள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெரிய உருவம் தலையைத் தூக்கியது. அவனை எல்லோரும் லாரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நாங்க தூங்கல மிஸ். வேகுறோம்."

வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகெல்லாம் நனைந்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அறக்கட்டளை அனுப்பிய பெட்டி ஒன்று பிரிக்காமலே கிடந்தது. அதில் தெர்மாமீட்டர்கள் இருந்தன. மறுவாரம் மூன்றை எடுத்து வந்தாள். ஒன்று அடுப்பில். ஒன்று தரைத்தளத்தில் 'ஏ' பிரிவில். இன்னொன்று தலைமை ஆசிரியர் அறையில். கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே, "மாட்டிக்கோங்க, எனக்கு எத்தனை டிகிரி காய்ச்சல்னு பாருங்க," என்றார். வெயில் நேராகப் படக் கூடாது, உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில் தொங்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். சொன்னபடி செய்தார்கள்.

அடுப்பில் முப்பத்தொன்பது. 'ஏ' பிரிவில் முப்பத்தொன்று. தலைமை ஆசிரியர் அறையில் இருபத்து நான்கு.

"நம்ம மீட்டர் டுபாக்கூர் மிஸ்," என்றான் லாரி.

"நல்ல சந்தேகம். எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"வேற ஒண்ணு கேப்பேன்."

"அதுவும் டுபாக்கூரா இருந்தா?"

அவன் தலையைச் சொறிந்தான். முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பார்க்கப் பொடிசாக இருப்பாள், வாய் மட்டும் பெரிய ஆள். வாயாடி என்பது அவளுக்கு அவளுடைய அம்மாவே வைத்த பெயர். "மூணையும் இடம் மாத்தி மாட்டலாம் மிஸ். மீட்டர்ல கோளாறுன்னா கோளாறும் அதோட கூடவே போகும்."

மாற்றி மாட்டினார்கள். அடுத்த வாரம் மறுபடி மாற்றினார்கள். எந்தத் தெர்மாமீட்டர் வந்தாலும் அடுப்பு அடுப்பாகவே இருந்தது.

"அப்ப கோளாறு நம்ம மேல இல்ல," என்றாள் வாயாடி.

"அவசரப்படாதே. இது ரூம் எவ்வளவு சூடுன்னு மட்டும்தான் சொல்லுது."

"மத்ததை நாங்க சொல்லிக்கிறோம் மிஸ்."

சொல்லிக்கொண்டார்கள். போன தேர்வுகளின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தினார்கள். காலையில் நடந்த தேர்வுகளில் தட்டுத்தடுமாறியாவது தேறிய அதே ஆட்கள், மதியத் தேர்வுகளில் குப்புற விழுந்திருந்தார்கள். கணக்குப் பாடம் எப்போதும் மதியம்தான். பெரிய அட்டை ஒன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். முதல்முறையாக அந்த அறையில் யாரும் தூங்கவில்லை. வேகத்தான் செய்தார்கள், ஆனால் விழித்துக்கொண்டே வெந்தார்கள்.

அந்த அட்டையின் மை காய்வதற்குள் சுற்றறிக்கை வந்தது. இந்த வருடம் 'டி' பிரிவு மாணவர்கள் பள்ளியின் பெயரில் பொதுத் தேர்வு எழுத மாட்டார்கள், தனித்தேர்வர்களாக எழுதுவார்கள். பெற்றோர் வெள்ளிக்கிழமை மதியம் கீழே ஹாலில் கூடிச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

விஷயம் இதுதான்: தோற்கக்கூடிய பிள்ளைகளை முன்னதாகவே கழற்றிவிட்டால் பள்ளி நூற்றுக்கு நூறு வாங்கும். கழற்றிவிடப்பட்டவர்களுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. செய்முறை இல்லாமல் வாயாடி ஆசைப்பட்ட நர்சிங் கல்லூரியில் விண்ணப்பம்கூட வாங்க மாட்டார்கள். லாரி ஆசைப்பட்ட தொழிற்கல்லூரியிலும் அதே கதை.

அவள் அட்டையைச் சுருட்டிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"கதவைச் சாத்து. குளிர் வெளியே போகுது," என்றார் அவர்.

அட்டையை மேசையில் விரித்தாள். கையால் தொடாமல் எட்டிப் பார்த்தார். "தெர்மாமீட்டர்லாம் அற்பச் சாமான். கூடக் குறைய காட்டும்."

"மாத்தி மாத்தி மாட்டிப் பாத்துட்டோம் சார்."

"அம்மாடி." கதவு சாத்தியிருந்ததால் சித்தப்பாவாக மாறியிருந்தார். "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல கூரையே கிடையாது. நான் என்ன தூங்கினேனா?"

"கூரை இல்லாததால காத்து வந்திருக்கும் சித்தப்பா."

அவர் முகம் இறுகியது. "இந்த வேலைக்காக உங்கம்மா யார் வாசல்ல வந்து நின்னாங்கன்னு நினைப்பு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு இடத்தை ஏற்பாடு பண்றது உன் பொறுப்பு. வாசல்ல பலகை எழுது, நாற்காலி போடு, தண்ணி வை. மரக்கன்று போட்டோவை மாட்டு. இந்த அட்டை கண்ல படக் கூடாது."

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் தொலைபேசி முந்திக்கொண்டிருந்தது. அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"தெர்மாமீட்டரைத் தூக்கிக்கிட்டு ஊரையே அளக்கக் கிளம்பிட்டியாமே."

"ஊரை இல்லம்மா. ஒரே ஒரு ரூமை."

"அந்த மனுஷன் முகத்துக்காகத்தான் உன்னை உள்ள விட்டாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா வாயை மூடிட்டு இரு. யாரோ பெத்த பிள்ளைங்க, அவங்களைப் பெத்தவங்க பாத்துப்பாங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அடுப்பில் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அட்டைக்கு அனுமதி இல்லை. 

"விடுங்க மிஸ்," என்றான் லாரி. "அவருக்கு நம்பர் காட்டினா மண்டையில ஏறாது."

வாயாடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "மீட்டரை மாத்திப் பாத்தோம். ஆளை மாத்திப் பாக்கலையே."

"என்ன சொல்றே?"

"நாளைக்குக் கூட்டம் இங்க நடக்கட்டும். அவங்க இங்க உக்காரட்டும், நாங்க வெளிய நிக்கிறோம்."

அறை கலகலத்தது. ஹாலைப் பூட்டிச் சாவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட லாரி தயாராக இருந்தான். வாசல் பலகையைத் தானே மாற்றி எழுதுவதாக வாயாடி சாக்பீஸைக் கையில் எடுத்தாள். மிஸ் அதைப் பிடுங்கினாள்.

"சாவியை ஒருத்தரும் தொடக் கூடாது. பலகையை நான் எழுதுறேன். நீங்க எழுதினா உங்க பேரை வெட்டுவாங்க. அதைத்தான் அவங்களும் எதிர்பாக்குறாங்க. நான் எழுதினா என் வேலைதான் போகும்."

"போனா பரவாயில்லையா மிஸ்?"

"பரவாயில்லைன்னு யார் சொன்னா? போகும்னுதான் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை வாசல் பலகையில் அவளுடைய கையெழுத்து இருந்தது: பெற்றோர் கூட்டம், மேல் மாடி, 'டி' பிரிவு.

பெற்றோர் மூச்சு வாங்க ஏறி வந்து தங்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். வாயாடியின் அம்மா பஸ் கண்டக்டர். வேலைச் சீருடையோடு வந்து கதவோரப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியின் தாளாளர் கோட்டு சூட்டோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் வெளியே கைப்பிடிச் சுவரோரம் நிழலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

கடைசியாக ஏறி வந்த தலைமை ஆசிரியர் அவளைக் கதவருகே பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு இங்க வச்சே?"

"இடத்தை ஏற்பாடு பண்றது என் பொறுப்புன்னு சொன்னீங்களே சார். பண்ணிட்டேன்."

தாளாளர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்புல நாட்டம் இல்ல," என்று ஆரம்பித்தார். "சாப்பிட்டு வந்ததும் தூங்குறாங்க. இது பழக்கம்..." காதோரம் வழிந்த வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கியது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். எங்கே விட்டோம் என்று மறந்து, நாட்டம் இல்லை என்பதையே மறுபடி சொன்னார். பெற்றோர் சம்மதப் படிவத்தால் விசிறிக்கொண்டார்கள். தாளாளர் கோட்டைக் கழற்றினார், பிறகு டையையும் தளர்த்தினார்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்களேன்," என்றார் யாரோ ஒரு அப்பா.

"ஓடிட்டுதான் இருக்கு அங்கிள்," என்றான் லாரி, ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றி, கூரையின் சூட்டை அவர்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தது.

"இதென்ன தலையெழுத்து," என்று தாளாளர் எழுந்தார். "வாங்க, எல்லாரும் கீழே ஹாலுக்குப் போயிடலாம்."

பெஞ்சுகள் நகர்ந்தன. அப்பாடா என்ற முகங்கள். கீழே போனால் எல்லாம் முடிந்தது, காற்றாட உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் கண்டக்டர் காலை நீட்டிக் கதவை மறித்துவிட்டாள்.

"ஹால் காலியாவா இருக்கு?"

"காலியாதாம்மா இருக்கு," என்றார் தாளாளர்.

"தினம் மத்தியானம் காலியாதான் கிடக்குமா?"

தாளாளர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்.

"தலை வலிக்குதுன்னு தினம் வந்து படுப்பா என் பொண்ணு. நடிக்கிறான்னு திட்டிக்கிட்டே இருந்தேன். பஸ்ல இஞ்சின் பக்கத்து சீட்டு இதைவிடத் தேவலை." நெரிசலில் ஆட்களை நகர்த்திப் பழகிய குரல் உயர்ந்தது. "யாரும் இறங்காதீங்க. உள்ள தள்ளி உக்காருங்க. பிள்ளைங்க மணி அடிக்கிற வரைக்கும் இங்கதானே இருக்குதுங்க. நாமளும் இருப்போம். சாரும் இருக்கட்டும்."

முதலில் லாரியின் அப்பா உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

"இது மிரட்டல்," என்றார் தலைமை ஆசிரியர்.

"இல்ல சார். வகுப்பு," என்றாள் கண்டக்டர்.

தாளாளர் கதவைப் பார்த்தார், நீட்டிய காலைப் பார்த்தார், கைக்குட்டையைப் பிழிந்தார். பள்ளிப் பெயர், நூற்றுக்கு நூறு என்று கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிவத்தால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "இவங்களும் பள்ளிப் பேர்லயே எழுதட்டும். மத்தியான வகுப்பை ஹாலுக்கு மாத்துங்க. தொலையுது."

"வாயால சொன்னா போதாது," என்றாள் கண்டக்டர்.

தலைமை ஆசிரியர் சம்மதப் படிவம் ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் எழுதினார். உள்ளங்கை ஈரத்தில் மை கரைந்துவிட்டது. இன்னொன்றை எடுத்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. தாளாளர் கையெழுத்துப் போட்டார். கண்டக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தோல்பைக்குள் வைத்தாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

"மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கே. பிள்ளைங்க என்னமோ கண்டுபிடிச்சதாச் சொன்னாங்க. அதையும் கேட்டுட்டுப் போவோம்."

வாயாடி உள்ளே வந்தாள். அட்டை இல்லாததால் கரும்பலகையிலேயே வரைய ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியர் மரக்கன்று மிஸ் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் பேசினார்.

"திங்கட்கிழமையிலிருந்து நீ வர வேண்டாம்."

"சரி சித்தப்பா."

பள்ளிக்கூடத்தில், நாலு பேர் காது கேட்க, அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். வாயாடியின் கை பாதிக் கோட்டில் நின்றுவிட்டது.

"நீ ஏன் நிறுத்தினே?" என்றாள் மிஸ். "எல்லாரும் பாக்குறாங்க. சொல்லு."