இருபது மீட்டர் தள்ளி ஒரு கோடு

இருபத்தியொரு வருஷ சர்வேயர் வேலையில் நான் போட்ட கோட்டைத் தப்பென்று ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். தங்கைப் பாசம் என்றால் இன்னும் கௌரவம். இரண்டும் இல்லை. சுத்தக் கோழைத்தனம்.

அப்போது எனக்குக் கொடுத்த வேலை இது: ஊரே குடிக்கிற ஊற்றுக்கு எந்தெந்தச் சரிவிலிருந்து மழைத் தண்ணீர் வந்து சேர்கிறது என்று நடந்து பார்த்து, வரைபடத்தில் எல்லை போட வேண்டும். எல்லைக்குள் உரக்குவியல், கழிவுக்குழி, கோழிக் கொட்டகை எதுவும் இருக்கக் கூடாது. சரிவு தெளிவாக இருந்தால் கருவியே சொல்லிவிடும். மேடு தட்டையாகக் கிடந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்போம்.

தங்கையின் கொட்டகை அப்படி ஒரு மேட்டில்தான் இருந்தது. ஆயிரத்தைந்நூறு கோழி, ஐந்து வருஷ உழைப்பு.

"என்னண்ணா, எங்க வீட்டுத் தண்ணிய எங்க வாசல்லயே கொட்டி விளையாடுற?" என்று சிரித்துவிட்டு, அவள் டீ போட உள்ளே போனாள். தண்ணீர் கொஞ்ச நேரம் தேங்கி நின்றது. பிறகு ஊற்றுப் பக்கமாக ஓடியது. 'கொட்டகையைப் பிரிச்சிடும்மா' என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். ஆபீசில் உட்கார்ந்து கோட்டை இருபது மீட்டர் தள்ளிப் போட்டேன். கொட்டகை எல்லைக்கு வெளியே போய்விட்டது. இப்படிச் செய் என்று அவள் கேட்கவே இல்லை.

ஊற்றுத் தண்ணீர் ஊர்த் தொட்டியில் நிரம்பி, அங்கிருந்துதான் வீட்டுக் குழாய்களுக்கு வரும். மழைக்காலம் வந்ததும் குழாய்த் தண்ணீர் நாறியது. குழந்தைகளுக்கு வாந்தி. பள்ளிக்கூட அறையில் கூட்டம் போட்டார்கள். எங்கள் அதிகாரியம்மா என் வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டினார்.

"நம்ம சர்வேயர் அடி அடியா நடந்து போட்ட கோடு இது. மேல இருக்கிறது ஒரே ஒரு கோழிக் கொட்டகைதான், அதுவும் எல்லைக்கு வெளிய. அப்ப தப்பு தொட்டியிலதான்."

எல்லோரும் தொட்டி கழுவுகிற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு எழுந்தார்.

"வாரம் தவறாம உள்ள இறங்கித் தேய்ச்சுக் கழுவுறேன் மேடம்."

"கழுவினா ஏன் நாறுது? நாளையிலருந்து நீங்க வர வேண்டாம். வேற ஆள் பார்த்துக்கறோம்."

வாயைத் திறக்க வேண்டியவன் நான். சொல்லித் தொலைடா, சொல்லித் தொலைடா என்று எனக்குள்ளேயே கத்தினேன். பெஞ்சில் யாரோ கிறுக்கியிருந்த பெருக்கல் கணக்கை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

பின்வரிசையில் தங்கை எழுந்தாள். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டாள்.

"அந்தம்மா மேல பழி போடாதீங்க. அந்தக் கொட்டகை எங்களோடது. மழை பெஞ்சா எங்க கோழிக் கழிவெல்லாம் ஊத்துப் பக்கம்தான் போகுது. இந்த மழையில நானே பார்த்தேன். கொட்டகைய எடுத்துடறோம்."

அதிகாரியம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன சார் இது? நீங்க பார்க்கலையா?"

"பார்த்திருப்பாரு மேடம்," என்றாள் தங்கை முந்திக்கொண்டு. "தண்ணி ஊத்துப் பக்கம் ஓடுறதைப் படத்துல போட மறந்திருப்பாரு. எத்தனை இடம்தான் அளப்பாரு, பாவம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்த முகம் அது.

"மறந்துட்டீங்களா சார்?"

"ஆமா மேடம்," என்றேன். "மறந்துட்டேன்."

தொட்டி கழுவுகிற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்காகப் பரிந்து பேசினார்.

"விடுங்க மேடம், சாரை ஒண்ணும் சொல்லாதீங்க. மனுஷன்னா மறதி வராதா?"