அமரோனே சம்பந்தி

குலசேகரம் லண்டன் இல்ஃபோர்ட்டில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருந்தார். 2007ஆம் ஆண்டு ஒரு லென்ஸ் கம்பனி தன் செலவில் அவரை மூன்று நாள் வெரோனாவுக்குக் கூட்டிப்போனது. போகும்போது விஸ்கிக்குச் சோடா விட்டுக் குடிக்கிற மனுசனாகப் போனவர், வரும்போது அமரோனே நிபுணராக வந்து இறங்கினார். அதற்குப் பிறகு செவன் கிங்ஸில் அவர் வீட்டுக்குப் போன எவரும், முந்திரிகைப்பழத்தை, அதாவது திராட்சையை, வத்தலாக்கிப் பிழிந்தெடுக்கும் அந்த இத்தாலியச் சிவப்பு வைனைப் பற்றி அரைமணி நேரம் கேட்காமல் எழும்பி வந்ததில்லை.

அவருக்குச் சம்பந்தியாக வரவிருந்தவர் ஞானேஸ்வரன். தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் குடியிருந்து, குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் தொழில் செய்தார். அவருடைய மகன் சிவதர்ஷனும் குலசேகரத்தின் மகள் மேனுஷாவும் பல்கலைக்கழகத்தில் பழகி, தாங்களே முடிவெடுத்து, பெற்றவர்களுக்குக் கடைசியில் அறிவித்தார்கள். 2009 ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஞானேஸ்வரன் குடும்பத்தைச் சாப்பிட அழைத்தார் குலசேகரம். ஊரில் யுத்தம் முடிந்து இத்தனை சனம் செத்த அந்த வருசம் தமிழ்ச்சனம் எவரும் கொண்டாட்டம் வைக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கோட்டுப் போட்டு, படம் எடுக்கும் வரைக்கும் நின்றவர் என்ற முறையில் குலசேகரமும் அந்தச் சட்டத்தை மதித்தார். ஆகவே இது விருந்து இல்லை, 'சும்மா ஒரு வைன் ருசிபார்த்தல்' என்றார்.

வைன் என்றதும் ஞானேஸ்வரனின் மனைவி தயாளினிக்குக் கலக்கம் பிடித்தது. லண்டனுக்கு வரமுதல் அவளுடைய புருசன் பதின்மூன்று வருசம் வெரோனாவுக்கு வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் இருந்தவர். அங்கே செய்த வேலை முந்திரிகைக்குலைகளைத் தட்டுகளில் அடுக்குவது, காயவிடுவது, அழுகினதைப் பொறுக்குவது. தயாளினியோ சம்பந்தியம்மா கமலாம்பிகைக்கு ரெலிபோனில் 'ஏற்றுமதித் துறை' என்று சொல்லிவைத்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, அவையள் கேட்டால் கம்பனியில வேலை எண்டு மட்டும் சொல்லுங்கோ,” என்று காரில் ஏறமுதலே சொன்னாள். “வத்தல் போட்ட கதை ஒண்டும் வரப்படாது.”

ஞானேஸ்வரன் தலையாட்டினார். அவருக்கு மகனின் காரியம் ஒப்பேறினால் போதும்.

சாப்பாட்டு மேசையில் ஆட்டிறைச்சிப் பொரியலும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. குலசேகரத்தின் கூட்டாளி டொக்டர் இராஜேந்திரனும் வந்திருந்தார். குலசேகரம் மேல்மாடிக்குப் போய் ஒரு அமரோனே போத்தலைத் துவாயில் சுற்றி, பிறந்த பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் இரண்டு வருசம் நிறுத்திவைத்தாராம். அந்த இளஞ்சூட்டில் வைன் இன்னும் பழுக்குமாம். சூடு பட்டால் வைன் கெட்டுப்போகும் என்பது ஞானேஸ்வரனுக்குத் தெரியும்.

அவர் கிளாஸை மூக்கடியில் கொண்டுபோனார். வினாகிரி, கருகின ஜாம். ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறம். இராஜேந்திரன் கண்ணை மூடி, சொக்கலேற், செரி, பழைய தோல்பை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். கமலாம்பிகை தன் பங்குக்கு ஏலக்காயும் இருக்கிறது என்றாள். கருத்துக் கேட்டபோது ஞானேஸ்வரன், நல்லாயிருக்கு என்று சொல்லி ஒரு மிடறு விழுங்கினார். மகனுக்காக எதையும் விழுங்கலாம் என்று அவர் முன்பே தீர்மானித்திருந்தார்.

வைனை விழுங்கினவரால் அடுத்து வந்த பேச்சை விழுங்க முடியவில்லை. வெரோனாவில் பழங்களைக் கூரையில் பரப்பி, எங்களுடைய செத்தல் மிளகாய் மாதிரி வெயிலில் காயவிடுவார்கள் என்று குலசேகரம் விளக்கினார். அதை எல்லாம் இயற்கையே பார்த்துக்கொள்ளும், மனிதக் கை படாது என்றும் சொன்னார். பதின்மூன்று மாரிகாலம் விறைத்துப்போன இரண்டு கைகளும் அப்போது மேசையில்தான் இருந்தன.

“வெயில் இல்லை அண்ணை,” என்றார் ஞானேஸ்வரன். தயாளினி மேசைக்குக் கீழே காலை மிதித்தாள். அவர் நிற்பாட்டவில்லை. “வெயில் பட்டால் எல்லாம் நாசம். மேல்மாடியில நிழலுக்க தட்டுத்தட்டா அடுக்கி, காத்து மட்டும் விடவேணும். பனிப்புகார் வந்தால் யன்னலைச் சாத்தவேணும். மூண்டு நாலு மாசம். ஒரு பழம் அழுகினால் பக்கத்தில இருக்கிறதும் போயிடும். ஒவ்வொண்டாப் பாத்துப் பொறுக்கவேணும்.”

“இதெல்லாம் உங்களுக்கு என்னெண்டு தெரியும்?” என்றார் குலசேகரம்.

“நான்தானே பொறுக்கினனான். கூலிக்கு.”

தயாளினி அப்பளத்தைப் பார்த்தபடி இருந்தாள். மேனுஷா மட்டும் சிரித்தாள். தகப்பனின் பிரசங்கத்தை இரண்டு வருசமாகக் கேட்டவள் அவள். கமலாம்பிகை குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். சம்பந்தம் சரிவராது என்று நினைத்துக்கொண்டே ஞானேஸ்வரன் வீட்டுக்குக் கார் ஓட்டினார்.

மூன்றாம் நாள் குலசேகரத்திடமிருந்து அழைப்பு வந்தது. வெரோனாவில் வைன் செய்தவர் என்பதை இவ்வளவு நாளும் ஏன் ஒளித்தீர்கள் என்று உரிமையோடு கோபித்தார். செவன் கிங்ஸ் முழுக்க அவர் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். தான் பொறுக்கிய கூலியாள் என்று ஞானேஸ்வரன் மூன்று தரம் விளங்கப்படுத்தினார். பெரிய ஆக்கள் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவினம் என்று குலசேகரம் மூன்று தரமும் மறுத்தார்.

அந்த எழுதாத சட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்த டிசெம்பரில் இல்ஃபோர்ட் மண்டபமொன்றில் நிச்சயதார்த்தம் நடந்தது. மோதிரம் மாற்றிய கையோடு குலசேகரம் மைக்கைப் பிடித்து, இப்போது சம்பந்தி ஒரு அமரோனேயைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்வார் என்று அறிவித்தார். நூற்றைம்பது பேர் கதிரைகளைத் திருப்பினார்கள். அதே அலுமாரியில் இருந்து வந்த இரண்டாவது போத்தல். ஞானேஸ்வரன் மணந்து பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்தார். இந்தக் கூத்தை இன்றோடு முடிக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது.

“இது பழுதாப்போச்சு அண்ணை,” என்றார் மைக்கில். “சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில வைச்சால் வேற என்ன நடக்கும்? அண்டைக்கு நாங்கள் குடிச்சதும் பழுதுதான்.”

சொக்கலேற் கண்டுபிடித்த இராஜேந்திரன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். குலசேகரத்தின் முகம் கறுத்தது. ஆனால் ஒரு கணம்தான். பிறகு கையைத் தட்டத் தொடங்கினார். “பாத்தியளே, இதுதான் மூக்கு. இத்தாலியில பழகின மூக்கு.” மண்டபமே சேர்ந்து தட்டியது.

அதன் விளைவை அந்தப் பகுதி உணவகங்கள்தான் அனுபவித்தன. இராஜேந்திரன் அடுத்த கிழமை ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் நல்ல வைன் இரண்டு போத்தலை மணந்து பார்த்துப் பழுது என்று திருப்பி அனுப்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அனுப்பினார்கள். வைனைக் குடிப்பதைவிடத் திருப்பி அனுப்புவதில்தான் மதிப்பு அதிகம் என்பதை நத்தார்ப் பண்டிகைக்குள் எல்லாரும் கண்டுகொண்டார்கள். தயாளினியும் மாறிவிட்டாள். வத்தல் கதையை இப்போது கோயிலில் அவளே எடுத்துவிடுவாள். அவளுடைய கதையில் கூலி இல்லை, குளிர் இல்லை. ஒரு மாளிகை இருந்தது, சில ஊழியர்களும் இருந்தார்கள்.

நத்தார் முடிந்த கையோடு குலசேகரம் கலியாணக் கார்ட் விசயமாக ரெலிபோன் எடுத்தார். சம்பந்தியின் பெயருக்குக் கீழே தொழிலும் போடவேண்டும், என்ன போடட்டும் என்று கேட்டார். ஓடு பதிப்பவர் என்று போடுங்கோ, அதில்தான் சோறு சாப்பிடுகிறோம் என்றார் ஞானேஸ்வரன். அது அந்த வரியில் எடுபடாதே என்று குலசேகரம் இழுத்தார்.

அச்சாகி வந்த கார்டில் 'இத்தாலியத் திராட்சரச நிபுணர்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. ஞானேஸ்வரன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதைத் திருப்பி அனுப்பவேண்டும் என்றார். தயாளினி அதற்குள் இன்னும் இருபது கார்ட் கேட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள்.