ராசா தலை இல்லாத காசு

"இதில எந்த ராசாவின்ர தலை பிள்ளை இருக்கு?" என்று அன்ரனெற் மாமி ஒரு காசைக் காட்டிக் கிளடிஸிடம் கேட்டார். இன்னும் இரண்டு கிழமையில் அவளுக்கு மாமியாராகப் போகிறவர்.

ஸ்காபரோவில் குலசிங்கத்தின் நகைக்கடை. கண்ணாடி மேசையில், கலியாணத்தன்று கிளடிஸின் கழுத்தில் ஏறப்போகிற மாமியின் தாலிக்கொடி கிடந்தது. தாலிக்கு ஒரு பக்கம் ராசா தலை பொறித்த பவுன் காசு, மறுபக்கம் வெறுமை. மாப்பிள்ளையான மகன் கிளிபோட்டைச் சண்டைக்காலத்தில் கனடாவுக்குக் கள்ளமாக அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க, அந்தப் பக்கத்துப் பவுனை மாமி விற்றுவிட்டார். இப்போது அந்த இடத்துக்குக் கிளடிஸின் வெள்ளிக்காசைப் பிடித்திருந்தார். தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் இருந்த இத்தாலிக்காரி ரொசெற்றா, அதன் கதையையும் சொல்லிக் கலியாணப் பரிசாகக் கொடுத்த காசு அது.

"பவுன் அளவுதானே தம்பி? ஒரு ஓட்டை போட்டு, தங்க முலாம் பூசிவிடுங்கோ. சேர்ச்சில ஆர் கிட்ட வந்து பாக்கப்போயினம்?"

"கிட்ட வந்து பாக்காட்டி அது எங்கட சனமே அக்கா?" என்று சிரித்த குலசிங்கம், பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினார். "தலை ஒண்டையும் காணேல்லை. ஒரு பக்கம் சிலுவை, மற்றப் பக்கம் ஒரு எழுத்து."

"அப்ப எழுத்துப் பக்கத்தை உள்ளுக்குத் திருப்பிக் கட்டுவம்," என்றார் மாமி.

குலசிங்கம் துளைக்கருவியை எடுத்துக் காசின் விளிம்பில் வைத்தார்.

"பொறுங்கோ அண்ணை!"

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கிளடிஸ். கடைகளில் அவளுக்காகக் கிளிபோட்தான் பேசுவான். அவள் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"உது இத்தாலியில சியெனா எண்ட ஊரின்ர காசு. எழுநூறு வருசத்துப் பழசு. ஊர்ச்சனம் தாங்களே கூடி அடிச்சது. ராசாவின்ர தலைக்கு அதில இடமில்லை. சுத்திவர ஊரின்ர பேர்தான். ஓட்டை போட்டா அந்தப் பேரிலதான் விழும்."

"நல்லது. முலாம் பூசினா பேர் போனது ஆருக்குத் தெரியும்?"

"முலாமும் வேண்டாம் மாமி. வெள்ளியாப் பிறந்த காசு. வெள்ளியாவே இருக்கட்டும்."

குலசிங்கம் கருவியைக் கீழே வைத்தார்.

"ஒரு பக்கம் மொட்டையா எப்பிடியடி கழுத்தில போடுவாய்? சனம் கேக்காதே?"

"கேக்கட்டும். உங்கட மகன் உயிரோட வந்து சேர நீங்கள் குடுத்த பவுன் இருந்த இடம் எண்டு சொல்லுவன். எனக்கு அது பெருமைதான்."

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்காசை எடுத்துக் கிளடிஸின் உள்ளங்கையில் வைத்து மூடி, தாலிக்கொடியையும் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, கதவைத் திறந்து பனிக்குள் இறங்கிப் போனார்.