இறக்காத டோலி

வேலுச்சாமி படித்தது அரசியல் சாஸ்திரம். ஆளுகிறவன் எந்த உரிமையில் ஆளுகிறான், ஆளப்படுகிறவன் ஏன் பொறுத்துப் போகிறான் என்றெல்லாம் மதுரையில் ஒரு காலேஜில் நெட்டுருப் போட்டு, பி.ஏ. பரீட்சையும் எழுதி முடித்திருந்தான். "சம்மதம் கேட்காமல் ஒரு மனுஷன்மேல் எதையும் சுமத்தக் கூடாது" என்று மேஜையைத் தட்டிச் சொல்லுவார் அவனுடைய பேராசிரியர் கிளேட்டன் துரை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதே காலேஜில் உதவி ஆசிரியர் வேலை நிச்சயம்.

அந்தத் துரை கோடைக்குக் கொடைக்கானல் கிளம்பினார். மோட்டார் ரோடு வராத காலம். பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியில்தான் ஏற வேண்டும். "நீயும் மலைக்காரன்தானே, பேசிக்கொண்டே கூட வா" என்றார். வேலுச்சாமி சாக்குத் தேடினான். அப்பாவுக்கு மலையில் காப்பித் தோட்டம் என்று அவரிடம் எப்போதோ அளந்து வைத்திருந்தான். பையனைப் படிக்க வைத்ததோ டோலி சுமந்த தோள். மூட்டுவலியால் அப்பா இந்தக் கோடையில் சுமக்க வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் சரி என்றான்.

வெள்ளனே அடிவாரத்துக்குப் போனால், டோலிக் கம்பின் முன்பக்கம் அப்பா மலைச்சாமி நிற்கிறார். ஆள் ஒன்று குறைந்ததாம். மகனைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், மகன் காலில் பளபளத்த பூட்ஸைப் பார்த்தார். பக்கத்தில் வாயெடுத்த சக டோலிக்காரன் பொன்னுவேலைக் கையமர்த்தினார்.

"ஓரமா நடங்க, எசமான். பாதை வழுக்கும்" என்றார் பெற்ற மகனிடம்.

வேலுச்சாமி தலையை ஆட்டினான். அந்த மட்டுக்கும் தப்பித்தோம் என்று மூச்சும் விட்டான், வெட்கங்கெட்டவன்.

வழி நெடுக துரை சுயராஜ்யம் பற்றிப் பேசினார். "மூடப் பழக்கங்களை விடாத ஜனங்கள் தங்களை எப்படி ஆண்டுகொள்வார்கள்? நீ அதையெல்லாம் தாண்டி வந்தவன்" என்றார். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

வெள்ளகவிக்குக் கீழே டோலி நின்றது. அந்த ஊர் மண் முழுக்கச் சாமி இருக்கிற மண். செருப்புப் போட்ட கால் படக் கூடாது. துரைமார் பூட்ஸைக் கழற்றி நடந்தால் சுமக்கிறவனுக்குத் தோள் ஆறும். மாட்டேன் என்றால், ஊர் தாண்டும் வரை டோலியைக் கீழே வைக்காமல், தோள்கூட மாற்றாமல் தூக்கிப் போக வேண்டும். இத்தனைக்கும் அதுதான் செங்குத்தான ஏற்றம்.

"துரைகிட்டே சொல்லுங்க. மலைச்சாமி அண்ணனுக்கு முட்டி நடுங்குது" என்றான் பொன்னுவேல். இங்கிலீஷ் தெரிந்தவன் வேலுச்சாமி ஒருவன்தான்.

ஒரே ஒரு வாக்கியம். ஆனால் சொன்னால், நீயுமா இதை நம்புகிறாய் என்று துரை கேட்பாரே! வேலைக்குச் சொல்ல வேண்டிய வாய் கோணிவிட்டால்?

"துரை எறங்க மாட்டாராம். தூக்கிட்டே போங்க" என்றான், துரையிடம் கேட்காமலே.

அப்பா அவனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கம்புக்குத் தோள் கொடுத்தார். ஊரில் தெரிந்தவர் யாராவது 'ஏலே வேலு' என்று கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஓடைக்கரையைச் சுற்றி வந்து சேர்கிறேன் என்று துரையிடம் சொல்லி அவன் நழுவினான்.

ஊருக்கு மேலே அவன் வந்து சேர்ந்தபோது டோலி தரையில் இருந்தது. துரைக்குக் கீறல்கூட இல்லை. எல்லையைத் தாண்டி டோலியை இறக்கிய பிறகுதான் அப்பா பாறைமேல் விழுந்திருக்கிறார். வலது கால் முட்டிக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. எலும்பு முறிந்திருந்தது.

"ஏன் இவர்கள் நடுவில் நிற்கவே இல்லை?" என்று துரை பதறினார்.

வேறு வழியில்லாமல் வேலுச்சாமி பழக்கத்தைச் சொன்னான்.

"இவ்வளவுதானா? நான் கழற்றிவிட்டு நடந்திருப்பேனே! என்னை ஒருத்தரும் கேட்கவில்லையே!" நல்ல மனுஷர், கண் கலங்கிவிட்டது. "பாவம், இனி இவர் எப்படிப் பிழைப்பார்? பார்த்துக்கொள்ள மகன் யாரும் உண்டா, கேள்."

துரை தன் பூட்ஸைக் காட்டிப் பதறியதிலேயே விஷயம் விளங்கி, பொன்னுவேல் காறித் துப்பினான்.

"துரை கேக்குறாரு..." என்று அப்பாவிடம் குனிந்தான் வேலுச்சாமி. "உங்களுக்கு... மகன் இருக்கானான்னு."

அப்பா வலியில் கண்ணை மூடியிருந்தார். திறக்கவில்லை.

"இல்லேன்னு சொல்லிருங்க, எசமான்."

வேலுச்சாமி நிமிர்ந்தான். உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. துரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நல்ல இங்கிலீஷில், இலக்கணப் பிழை இல்லாமல், அப்பா சொன்னதை அப்படியே சொன்னான்.

ஆனி மாதம் காலேஜ் திறந்ததும் வேலை கிடைத்தது. முதல் வகுப்பில் சம்மதம் பற்றித்தான் பாடம் நடத்தினான்.