மூன்றாவது கோடு

இப்போதெல்லாம் எவனும் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எங்கள் லாட்ஜின் புது மேனேஜர் அதில் முதல் ரகம். வந்ததும் வரவேற்பு மேஜைக்கு மேலே கேமரா மாட்டினார். வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டாலும், யாராவது புகார் எழுதினாலும், பெயருக்கு நேரே ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் வீட்டுக்கு. அவருக்குக் 'கேமரா' என்றே நாங்கள் பெயர் வைத்தோம்.

நான் வாசலில் கதவு திறந்து, பெட்டி தூக்குகிறவன். மேஜையில் இருந்தவள் என் தங்கை மகள். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவள் புருஷன் படுத்த படுக்கை. இவள் வேலையில்தான் வீடு ஓடியது. ஏற்கெனவே இரண்டு கோடு.

"ஒண்ணு பல்வலியில விழுந்தது மாமா."

"வலிச்ச பல்லையும் சேத்துக் காட்டியிருக்கணும்டி."

பன்னிரண்டாம் அறைக்காரர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இருபது நாளாகத் தங்கியிருந்தார். அன்று விடியற்காலை அந்தம்மா போய்விட்டது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் அறையைக் காலி செய்துகொண்டு இறங்கி வந்தார். கையில் அந்தம்மாவின் செருப்பு.

இவள் அவரைப் பார்த்தாள். தலைக்கு மேலே கேமராவைப் பார்த்தாள். பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

"வசதியா இருந்துச்சா சார்? மறுபடியும் வாங்க."

அவர் சாவியை வைத்தார். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, 'என் மனைவி இறந்த அன்று இந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்' என்று எழுதினார். நான் பெட்டியை வண்டியில் ஏற்றினேன்.

மத்தியானம் மேனேஜர் புத்தகத்தோடு வந்தார். "எப்ப சிரிக்கணும்னு கூடத் தெரியாதா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க..."

"நான் சொன்னா? சொந்த புத்தி வேணாம்?"

கோடு விழுந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, "வர்றேன் மாமா" என்று போனாள். அழவில்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன், யாருக்கோ திறப்பது போல.

சாயங்காலம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு காகிதம் நீட்டினார். துக்கத்தில் இருப்பவரிடம் சிரிக்கக் கூடாது, தலையை மெதுவாக ஆட்ட வேண்டும்.

"இனிமே இந்தத் தப்பு நடக்காது பெரியவரே. கையெழுத்துப் போடுங்க."

"துக்கம்னு கேமராவுக்கு எப்படிய்யா தெரியும்?"

"அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன்."

வைத்திருப்பார். பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தேன். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். எனக்குக் கதவு திறக்க யாரும் இல்லை. நானே திறந்துகொண்டு நடந்தேன்.